பூண்டும் பீட்ரூட்டும்: ஒரு விடுதலை இயக்கம் தன் மக்களுக்கு மறுத்த மருந்து

1997 ஜனவரி 22. தென்னாப்பிரிக்க அமைச்சரவை கூடியிருக்கிறது. மண்டேலா அதிபராகவும் தாபோ எம்பெக்கி துணை அதிபராகவும் இருந்த காலம். நிறவெறி ஆட்சி வீழ்ந்து மூன்று ஆண்டுகள்கூட முழுதாக முடியவில்லை. அந்தக் கூட்டத்துக்கு பிரிட்டோரியாவைச் சேர்ந்த சில ஆய்வாளர்கள் வருகிறார்கள். கூடவே எய்ட்ஸ் நோயாளிகளையும் அழைத்து வருகிறார்கள். 'விரோடீன்' என்றொரு மருந்தைக் கண்டுபிடித்துவிட்டோம், எய்ட்ஸுக்கு எதிராக வேலை செய்கிறது என்கிறார்கள். அந்த மருந்தால் உடம்பு தேறிவிட்டதாக நோயாளிகள் தங்கள் வாயாலேயே சொல்கிறார்கள். அமைச்சர்கள் எழுந்து நின்று கை தட்டுகிறார்கள்.

விரோடீனில் இருந்தது டைமெத்தில் ஃபார்மமைடு. தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படுத்தும் ரசாயனம் அது, கல்லீரலைக் கெடுக்கக்கூடியது. மனிதர்கள்மீது அதைச் சோதிக்க மருந்துக் கட்டுப்பாட்டுக் குழு அனுமதி தரவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டும் தரவில்லை. அதற்குக் கிடைத்த பரிசு என்ன? அந்தக் குழுவின் தலைவர் பீட்டர் ஃபோல்ப் 1998இல் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். அதே ஆண்டு எம்பெக்கி விரோடீனுக்கு ஆதரவாகக் கட்டுரையே எழுதினார். பிற்பாடு தான்சானியாவில் அந்த மருந்தைச் சோதித்தபோது பயன் எதுவும் தெரியவில்லை.

இந்தக் கதையை நாம் ஏன் பேச வேண்டும்? மருந்தென்று ஏதோ ஒன்றை விற்க வருகிறவன் எல்லா ஊரிலும் உண்டு. அவனுக்குக் கை தட்டியவர்கள் யார் என்பதுதான் நம்மை உறுத்துகிறது. சிறையில் கிடந்தவர்கள், நாடு கடத்தப்பட்டவர்கள், ஒடுக்கப்பட்ட மக்களுக்காக உயிரைப் பணயம் வைத்தவர்கள் அவர்கள். நம்மைப் போன்றவர்கள். சாதி எதிர்ப்பு அரசியலுக்குள் வந்திருக்கும் தம்பி தங்கைகள் பார்ப்பனியத்தின் மூடநம்பிக்கையை எதிர்த்துப் பேசப் பழகியிருக்கிறார்கள். நம் பக்கத்திலிருந்து, நம் மொழியில், நம் காயத்தைத் தொட்டுப் பேசிக்கொண்டே ஒரு பொய் வந்தால் என்ன செய்வது? அதற்குப் பாடம் வேண்டுமென்றால் தென்னாப்பிரிக்காவைத்தான் படிக்க வேண்டும்.

முதலில் அந்தக் காயத்தைப் பார்ப்போம். அது கற்பனையல்ல. 1901இல் கேப்டவுனில் பிளேக் பரவியது. அதைக் காரணம் காட்டி ஊருக்குள் இருந்த கருப்பர்களை வெளியேற்றி, நகரத்துக்கு வெளியே என்டபேனி என்ற இடத்தில் குடியேற்றினார்கள். பின்னாளில் வந்த கருப்பர் குடியிருப்புகளுக்கெல்லாம் முன்மாதிரி அதுதான். நோயைச் சொல்லி ஊரைப் பிரித்தார்கள். சேரி என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1977இல் ஸ்டீவ் பிக்கோவை போலீஸ் அடித்து மூளையைச் சிதைத்தது. அவரைப் பார்த்த அரசு மருத்துவர் அசாதாரணமாக எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். நிர்வாணமாக, விலங்கிட்டு, ஜீப்பின் பின்பக்கம் கிடத்தி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோனார்கள். செப்டம்பர் 12 அன்று பிக்கோ இறந்தார். அந்த மருத்துவர்கள்மீது மருத்துவக் கவுன்சில் நடவடிக்கை எடுக்க எட்டு ஆண்டுகள் ஆயின. அதுவும் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு. நிறவெறி அரசின் ரகசிய ரசாயன ஆயுதத் திட்டத்தில், கருப்பர்களின் கருவுறும் ஆற்றலைத் தடுக்க மருந்து தேடினார்கள் என்ற சாட்சியம் 1998இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன் பதிவானது. கடலுக்கு அப்பால் அமெரிக்காவின் டஸ்கீகியில், 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் கண்ட 399 கருப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல், பென்சிலின் வந்த பிறகும் தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசு மருத்துவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

இவ்வளவும் தெரிந்த ஒரு கருப்பர், வெள்ளைக் கோட்டு போட்டவர் சொல்வதை ஏன் நம்ப வேண்டும்? கேள்வி நியாயமானது. நம் பக்கத்திலும் அது நியாயமானதுதான். 2009, 2010இல் அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டம் ஒன்று நடந்தது. கம்மத்தில் ஊசி போடப்பட்ட சிறுமிகளில் பலர் ஆதிவாசிகள், அரசு விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். பெற்றோர் போட வேண்டிய ஒப்புதல் கையெழுத்தை விடுதிக் காப்பாளர்கள் போட்டிருந்தார்கள். நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் இதைக் கடுமையாகக் கண்டித்தது. சிறுமிகள் சிலரின் மரணத்துக்கு அந்த ஊசி காரணமில்லை என்றுதான் விசாரணை சொன்னது. அந்தத் தடுப்பூசி பயன் தருவதும் உலகம் முழுக்க உறுதியாகியிருக்கிறது. ஆனால் கேட்காமல் போட்டார்கள் என்பதும் உறுதி. இரண்டையும் சேர்த்துத்தான் நாம் மனதில் வைத்திருக்க வேண்டும். எம்பெக்கியால் அது முடியவில்லை.

1999இல் அவர் அதிபரானார். இரவெல்லாம் இணையத்தில் படிப்பவர், பொருளாதாரம் படித்தவர், பெரும் அறிவாளி என்று பெயர் எடுத்தவர். ஹெச்.ஐ.வி. கிருமியால் எய்ட்ஸ் வருவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு சிறு கூட்டத்தின் எழுத்துகளை அவர் அப்படித்தான் கண்டடைந்தார். அமெரிக்காவின் பீட்டர் டூஸ்பெர்க் அவர்களில் முக்கியமானவர். அதே ஆண்டு அக்டோபரில், ஏஇசட்டி என்ற எய்ட்ஸ் மருந்து நச்சுத்தன்மை கொண்டது என்று நாடாளுமன்றத்தின் மேலவையில் எச்சரித்தார். ஏஇசட்டிக்குப் பக்கவிளைவுகள் உண்டு, ரத்தசோகை வரும், தொடக்க காலத்தில் கொடுத்த அளவு மிக அதிகம் என்பதெல்லாம் உண்மைதான். கீமோதெரபிக்கும் பக்கவிளைவு உண்டு. எதற்கு எதை எடை போடுகிறோம் என்பதல்லவா கேள்வி? கர்ப்பிணிகளிடம் நடத்தப்பட்ட கணக்கெடுப்பில் 1990இல் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த தொற்று, 2000இல் 24.5 விழுக்காடாகியிருந்தது. நான்கு கர்ப்பிணிகளில் ஒருவர். அந்த நாட்டின் அதிபர் மருந்தைப் பார்த்துப் பயமுறுத்திக்கொண்டிருந்தார்.

2000இல் அவர் ஓர் ஆலோசனைக் குழு அமைத்தார். எய்ட்ஸ் ஆய்வில் உலகம் ஏற்றுக்கொண்ட விஞ்ஞானிகளும் டூஸ்பெர்க் வகையறாவும் ஒரே மேசையில். 'இரு தரப்பையும் கேட்போம்' என்பது ஜனநாயகம்போலத்தான் தெரியும். ஆனால் பல்லாயிரம் ஆய்வுகள் ஒரு பக்கமும் நாலைந்து பேரின் பிடிவாதம் மறுபக்கமும் இருக்கும்போது, இரண்டுக்கும் சரிபாதி நாற்காலி போட்டுக் கொடுப்பதே ஒரு தீர்ப்பு. எம்பெக்கி உலகத் தலைவர்களுக்குக் கடிதமும் எழுதினார். மாற்றுக் கருத்துள்ள விஞ்ஞானிகளை ஒடுக்குவது நிறவெறி ஆட்சி எங்களை ஒடுக்கியதைப் போன்றது என்ற வாதம் அதில் இருந்தது. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். நிறவெறிக்கு எதிராகச் செத்தவர்களின் பெயரால் சேர்ந்த தார்மீக பலம் முழுவதும் ஒரு தவறான மருத்துவக் கருத்துக்கு முட்டுக்கொடுக்கத் திருப்பிவிடப்பட்டது. அதன் பிறகு அவரை மறுத்தவர்கள் ஒரு கருத்தை மறுத்தவர்களாகப் பார்க்கப்படவில்லை. விடுதலையையே மறுத்தவர்களாகப் பார்க்கப்பட்டார்கள்.

2000 ஜூலையில் டர்பனில் உலக எய்ட்ஸ் மாநாடு. ஹெச்.ஐ.வி.தான் எய்ட்ஸுக்குக் காரணம் என்ற பிரகடனத்தில் 5,000க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கையெழுத்திட்டிருந்தார்கள். தொடக்க உரையில் எம்பெக்கி, உலக சுகாதார நிறுவனத்தின் 1995 அறிக்கையை எடுத்துக்காட்டி, உலகிலேயே அதிகம் கொல்வது கடும் வறுமை என்றார். எல்லாவற்றுக்கும் ஒரு கிருமியைக் குற்றம் சொல்ல முடியாது என்றார். நம்மைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு இனிக்கும் பேச்சு என்று யோசித்துப் பாருங்கள். வறுமை கொல்கிறது, ஒடுக்குமுறை கொல்கிறது என்று நாம் மேடைதோறும் சொல்கிறோமே! அதுவும் சரிதான். காசநோய் யாரைக் கொல்கிறது, மலக்குழி யாரைக் கொல்கிறது என்று நமக்குத் தெரியும். ஆனால் மலக்குழியில் கொல்வது சாதிதான் என்பதால், அதற்குள் இருப்பது விஷவாயு இல்லை என்று ஆகிவிடாது. வறுமையைச் சொல்லிக் கிருமியை மறைப்பது ஏழைகளின் பக்கம் நிற்பதாகாது. பணக்காரர்கள் தனியார் மருத்துவமனையில் அதே மருந்தை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

அதே மேடையில் நிகோசி ஜான்சன் என்ற 11 வயதுச் சிறுவன் பேசினான். பிறப்பிலேயே தொற்றோடு வந்தவன். உடம்பைவிடப் பெரிய கோட்டு போட்டிருந்தான். கர்ப்பிணிகளுக்கு அரசு மருந்து கொடுக்க வேண்டும், அப்போதுதான் குழந்தைகளுக்குத் தொற்றாது என்று கேட்டான். அவன் பேசி முடிப்பதற்குள் அதிபர் அரங்கைவிட்டுப் போய்விட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. அடுத்த ஆண்டு ஜூன் 1 அன்று நிகோசி இறந்தான்.

விஞ்ஞானம் என்றாலே வெள்ளையர், எதிர்ப்பது என்றாலே கருப்பர் என்று அரசு வரைந்த கோட்டுக்குள் அடங்காத ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மலெகாபுரு மகோபா. கருப்பின நோயெதிர்ப்பியல் அறிஞர், தென்னாப்பிரிக்க மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைவர், ஆப்பிரிக்க மறுமலர்ச்சி என்ற எம்பெக்கியின் கனவில் தானும் நம்பிக்கை வைத்திருந்தவர். எம்பெக்கியின் எய்ட்ஸ் கருத்தை அவர் வெளிப்படையாக மறுத்தார். 2000இல் 15 முதல் 49 வயதுக்குள் இறந்தவர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் எய்ட்ஸால் இறந்தார்கள் என்ற அறிக்கையை 2001இல் அவருடைய கவுன்சில் வெளியிட்டது. அரசுக்கு அது பிடிக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்த ஓர் அறிஞர் தலைவருக்கு உவப்பில்லாத கணக்கைச் சொன்னால் என்ன பெயர் கிடைக்கும் என்பது நமக்கும் அனுபவம்தான்.

2001 அக்டோபரில் ஃபோர்ட் ஹேர் பல்கலைக்கழகத்தில் எம்பெக்கி ஆற்றிய உரையைப் படித்தால் அவருடைய கோபத்தின் வேர் தெரிகிறது. கருப்பர்களைக் கிருமி சுமப்பவர்களாக, காமத்தை அடக்கத் தெரியாத மிருகங்களாகப் பார்க்கிறார்கள் என்றார். அப்படிப் பார்த்தவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். அந்த அவமானத்தை அவர் மிகச் சரியாக அறிந்திருந்தார். அவமானத்திலிருந்து தப்பிக்க நோயையே மறுத்தார். மருந்தில்லாமல் செத்தவர்களுக்கு அந்தத் தன்மானத்தால் என்ன பயன்?

இனி மறுபக்கம். 1998 டிசம்பர் 10, மனித உரிமைகள் நாள். கேப்டவுனில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயப் படிக்கட்டில் ஒரு சிறு கூட்டம் உட்கார்ந்தது. 'சிகிச்சைக்கான செயல்பாட்டு இயக்கம்', சுருக்கமாக டிஏசி, அங்கேதான் தொடங்கியது. முன்னின்றவர் ஜாக்கி அக்மத். நிறவெறி எதிர்ப்புப் போராளி, ஓரினச்சேர்க்கையாளர் உரிமைக்குப் போராடியவர், தானே ஹெச்.ஐ.வி.யோடு வாழ்ந்தவர், ஆளும் ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் உறுப்பினரும்கூட. அதே மாதம் டர்பன் அருகே குவாமாஷுவில் கூகு டிலாமினி என்ற பெண், தனக்குத் தொற்று இருப்பதை வெளியே சொன்னதற்காக அடித்துக் கொல்லப்பட்டார். அதன் பிறகுதான் 'ஹெச்.ஐ.வி. பாசிட்டிவ்' என்று மார்பில் எழுதிய டி-சட்டையை டிஏசி தோழர்கள் எல்லோரும் போடத் தொடங்கினார்கள், தொற்று உள்ளவர்களும் இல்லாதவர்களும். பின்னாளில் மண்டேலாவும் போட்டார்.

டிஏசி இரண்டு பக்கமும் சண்டை போட்டது. நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மலிவு விலை மருந்துக்கு வழிசெய்யும் சட்டம் ஒன்றை 1997இல் மண்டேலா அரசு கொண்டுவந்தது. அதை எதிர்த்து சுமார் 40 மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன. அந்த வழக்கில் டிஏசி அரசின் பக்கம் நின்றது. கிறிஸ்டோபர் மொரக்கா என்ற தோழர் பூஞ்சைத் தொற்றுக்கு விலை கட்டுப்படியாகும் மருந்து இல்லாமல் இறந்தபோது, அவர் பெயரிலேயே இயக்கம் நடத்தி, காப்புரிமையை மீறி தாய்லாந்திலிருந்து மலிவான மாற்று மருந்தைக் கொண்டுவந்தார் அக்மத். 2001 ஏப்ரலில் நிறுவனங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

இதில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை, செய்முறைக்கு மட்டுமே தந்தது. அதனால்தான் மும்பையின் சிப்லா நிறுவனம், ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் விற்ற மூன்று மருந்துக் கூட்டை, 2001 பிப்ரவரியில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவிக்க முடிந்தது.

ஆக, வழக்கு முடிந்தது, விலையும் சரிந்தது. அரசு மருந்தைக் கொடுத்ததா? இல்லை. நெவிரபின் என்ற மருந்தை பிரசவ நேரத்தில் தாய்க்கு ஒரு முறை, பிறந்த குழந்தைக்கு ஒரு முறை கொடுத்தால் தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்று உகாண்டா ஆய்வு 1999இலேயே காட்டியிருந்தது. ஐந்தாண்டுக்கு இலவசமாகத் தருகிறோம் என்று தயாரிப்பாளரே சொன்னார். அப்படியும் அரசு 18 இடங்களில் மட்டும் 'சோதனை முயற்சி' என்று நிறுத்திக்கொண்டது. மற்ற அரசு மருத்துவமனைகளில் மருத்துவர் விரும்பினாலும் கொடுக்க முடியாது. எந்த அரசின் சட்டத்தைக் காப்பாற்ற நீதிமன்றம் போனார்களோ, அதே அரசின்மீது டிஏசி வழக்குத் தொடுத்தது. 2002 ஜூலை 5 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் இந்தக் கட்டுப்பாட்டை நீக்கச் சொன்னது. நலவாழ்வு உரிமையை நீதிமன்றத்தில் கேட்டுப் பெற முடியும் என்பதற்கு உலகமே இன்று எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது. சட்டம் படிக்கும் தோழர்கள் தேடிப் படியுங்கள்.

சுகாதார அமைச்சர் மான்டோ ஷபலாலா-ம்சிமாங் மருத்துவம் படித்தவர். பூண்டு, எலுமிச்சை, பீட்ரூட், ஆலிவ் எண்ணெய், ஆப்பிரிக்கக் கிழங்கு என்று ஒரு பட்டியலை அவர் போகிற இடமெல்லாம் சொன்னார். சத்துணவு வேண்டாம் என்று யார் சொன்னது? சத்துணவையும் மருந்தையும் இது வேண்டுமா அது வேண்டுமா என்று எதிரெதிரே நிறுத்தியதுதான் அக்கிரமம். தெருவில் இறங்கிய டிஏசியினரைப் பார்த்து, வெள்ளைக்காரன் ஒருவன் சொல்வதற்காகக் காத்திருக்கும் கருப்பர்கள் என்ற பொருளில் பேசினார். 'பின்னாலிருந்து யாரோ தூண்டிவிடுகிறார்கள்.' தலித் மக்கள் கலெக்டர் அலுவலகத்தின் முன் உட்காரும்போதெல்லாம் நாம் கேட்கும் அதே வசனம். 2006இல் டொராண்டோ எய்ட்ஸ் மாநாட்டில் தென்னாப்பிரிக்க அரசின் அரங்கில் பூண்டும் எலுமிச்சையும் பீட்ரூட்டும் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. 2007இல் அமைச்சருக்குக் கல்லீரல் பழுதானது. ஜோகன்னஸ்பர்க்கின் தனியார் மருத்துவமனையில் மாற்றுக் கல்லீரல் பொருத்தினார்கள். நோயாளியை நாம் கேலி செய்ய வேண்டாம். அவருக்குக் கிடைத்த சிகிச்சை சரியான சிகிச்சை என்று மட்டும் குறித்துக்கொள்வோம்.

அரசு இப்படி வாசலைத் திறந்துவைத்தால் யார் நுழைவார்கள்? குவாஸுலு-நட்டாலில் 'உபெஜானே' என்ற மூலிகைச் சாறு எய்ட்ஸ் மருந்தாக விற்றது. மாகாண சுகாதார அமைச்சரே அதை ஆதரித்தார். கேப்டவுனின் கயலிட்ஷாவுக்கு மத்தியாஸ் ராத் வந்தார். வைட்டமின் மாத்திரை விற்கும் ஜெர்மானியர். எய்ட்ஸ் மருந்து நஞ்சு, டிஏசி மருந்துக் கம்பெனிகளின் கைக்கூலி என்று விளம்பரம் செய்தார். தன் வைட்டமினை கருப்பின ஏழைகளிடம் அனுமதியில்லாமல் சோதித்தார். ஐரோப்பிய வெள்ளையர் ஒருவர் கருப்பர் குடியிருப்பில் நின்றுகொண்டு ஏகாதிபத்திய எதிர்ப்பு பேசினார், அரசு தடுக்கவில்லை. அவரையும் நீதிமன்றத்துக்கு இழுத்தது டிஏசிதான். 2008 ஜூனில் கேப் உயர் நீதிமன்றம் அந்தச் சோதனைகள் சட்டவிரோதம் என்றது, அவற்றைத் தடுக்கும் கடமை அரசுக்கு உண்டு என்றும் சொன்னது.

பாரம்பரியம் என்ற சொல்லைப் பற்றி நமக்குச் சொந்தமாகவே ஒரு கணக்கு இருக்கிறது. நம் ஊர்களில் பிரசவம் பார்த்தவர்கள், கட்டி அறுத்தவர்கள், பச்சிலை கட்டியவர்கள் நாவிதர் சமூகத்துப் பெண்களும் ஆண்களும். அவர்கள் செய்தபோது அது தீட்டான தொழில். காவி கட்டிய கம்பெனி டப்பாவில் அடைத்தால் தேசப் பெருமை. 2021 பிப்ரவரியில் பதஞ்சலியின் 'கொரோனில்' வெளியீட்டு மேடையில் ஒன்றிய சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தனும் நிதின் கட்கரியும் உட்கார்ந்திருந்தார்கள். ஹர்ஷ் வர்தனும் மருத்துவம் படித்தவர்தான். கொரோனாவுக்கு எந்தப் பாரம்பரிய மருந்தையும் தாங்கள் பரிசீலித்துச் சான்றளிக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்ல வேண்டிவந்தது. இதை எதிர்ப்பது நமக்குச் சுலபம். காவியைக் கண்டாலே நாம் விழித்துக்கொள்கிறோம். எம்பெக்கியிடம் விழித்துக்கொள்வது கடினம்.

டிஏசி அதை எப்படிச் செய்தது? மண்டபத்தில் கூட்டம் போட்டுப் பாடம் நடத்தினார்கள். பள்ளி முடிக்காத பெண்கள், வேலையில்லாத இளைஞர்கள், வெள்ளணுக்களின் எண்ணிக்கை என்றால் என்ன, மருந்துக்குக் கிருமி எப்படிப் பழகிப்போகிறது, இரட்டைக் குருட்டுச் சோதனை எதற்கு என்றெல்லாம் கற்றார்கள். 'சிகிச்சைக் கல்வி' என்று அதற்குப் பெயர். கயலிட்ஷாவில் 2001 மே மாதம் எல்லைகளற்ற மருத்துவர்கள் மருந்து கொடுக்கத் தொடங்கியபோது, கடிகாரம் இல்லாத ஏழைகள் நேரத்துக்கு மாத்திரை சாப்பிட மாட்டார்கள் என்று வெளிநாட்டுப் பெரிய மனிதர்கள் சந்தேகப்பட்டார்கள். அந்த மக்கள் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள், பிழைத்தார்கள். எல்லோருக்கும் கிடைக்கும்வரை தானும் மருந்து சாப்பிடுவதில்லை என்று அக்மத் மறுத்துக்கொண்டிருந்தார். மண்டேலா அவர் வீட்டுக்கே போய்க் கேட்டும் சம்மதிக்கவில்லை. 2003 ஆகஸ்டில் அமைச்சரவை இறங்கிவந்து, பொது மருத்துவமனைகளில் மருந்து தரத் திட்டம் போட உத்தரவிட்டது. அதன் பிறகே மாத்திரையை எடுத்தார்.

மருந்து இருந்தும் கொடுக்காததால் 2000 முதல் 2005 வரை 3,30,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டார்கள். 35,000 குழந்தைகள் தொற்றோடு பிறந்தார்கள் என்பதும் அந்தக் கணக்கில் உண்டு. அந்தக் குழந்தைகளில் பிழைத்தவர்களுக்கு இன்று உங்கள் வயது.

2008 செப்டம்பரில் எம்பெக்கி பதவி விலகினார், கட்சிக்குள் நடந்த வேறொரு சண்டையில். புதிதாக வந்த சுகாதார அமைச்சர் பார்பரா ஹோகன், ஹெச்.ஐ.வி.யால்தான் எய்ட்ஸ் வருகிறது என்று பகிரங்கமாகச் சொன்னார். ஓர் அமைச்சர் அதைச் சொன்னதே அன்று செய்தியானது. எம்பெக்கி மன்னிப்புக் கேட்கவில்லை. 2016இல்கூட, தான் சொன்னதை மற்றவர்கள் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று நீண்ட விளக்கம் எழுதினார்.